பெட்டியை மூட மனம் வராதவர்

3.9.2007, திங்கள்

சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர்களோடு பேசி ஆர்டர் பிடிக்கும் மெர்ச்சன்டைசர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அவருடைய சுழல் நாற்காலி காலி. ஜன்னல் ஓரம், ஃபேனுக்கு நேர் கீழே. சாப்பாட்டு நேரத்தில் யாரும் இல்லாதபோது உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். நன்றாகத்தான் சுற்றுகிறது.

அந்த வேலையை எனக்கே தரச் சொல்லி முதலாளி சாமியப்பனிடம் நேராகவே கேட்டுவிட்டேன். அவர் யாரையும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மாட்டார். திருப்பூரில் எங்கள் நெருப்பெரிச்சல் ஏரியா முழுக்கத் தெரிந்த விஷயம்.

"நம்ம வெப்சைட்ட யாரு வந்து பாக்கறாங்கன்னே தெரியறதில்ல அம்முணி. தீபாவளிக்குள்ள நூறு பையருங்க இமெயிலு புடிச்சுக் குடு. மாசாமாசம் நியூஸ்லெட்டர் உடலாம். அந்தச் சேரு உனக்குத்தான்."

நூறு பிடிக்காவிட்டால்? நாற்காலி அவருடைய அக்கா மகன் வேல்குமாருக்கு. எனக்கு மறுபடி செக்கிங் மேசை. இரண்டு வருடம் பனியனில் பிசிறு நூல் வெட்டிவிட்டு, சாயந்திரம் கம்ப்யூட்டர் படித்து ஆபீசுக்கு வந்தவள் நான். திரும்பிப் போக மாட்டேன்.

6.9.2007

வெப்சைட்டைத் திறந்ததும் ஒரு சின்னப் பெட்டி குதித்து முன்னால் நிற்கும். பாப்-அப். புது டிசைன்களை அனுப்புகிறோம், உங்கள் இமெயில் தாருங்கள் என்று இங்கிலீஷில் கேட்கும். வேண்டாம் என்பவர்கள் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடலாம். குறியைக் கொஞ்சம் சின்னதாக வைத்திருக்கிறேன். கொஞ்சம் என்றால், கொசு அளவு.

வேல்குமார் எட்டிப் பார்த்தான். "ஏனுங்க, ஊட்டுக்கு வர்றவங்கள வாசல்லயே மறிச்சு அட்ரஸ் கேப்பீங்களா?"

பொறாமை. (ஆனால் கேட்டது நியாயம்தானோ?)

7.9.2007

பாதிக் கம்ப்யூட்டர்கள் பாப்-அப்பைத் தடுத்துவிடுகின்றனவாம். தனி ஜன்னலாகத் திறக்காமல் பக்கத்துக்குள்ளேயே பெட்டியை வைத்துவிட்டேன். இனி தடுங்கள் பார்ப்போம்!

14.9.2007

பதினெட்டு! யாராவது பெட்டியை நிரப்பினால் எனக்கு ஒரு மெயில் வரும். அந்த எண்ணிக்கையைத் தினமும் ஆபீஸ் போர்டில் எழுதுகிறேன். வேல்குமார் உட்காரும் இடத்துக்கு எதிரே.

9.10.2007

நூற்று நாலு! தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கிறது. ரூமுக்குப் பஜ்ஜி வாங்கிப் போனேன். என்னோடு தங்கியிருக்கும் ஒச்சம்மாள், எங்கள் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி, இன்னும் செக்கிங்கில்தான் இருக்கிறாள். இரண்டு பஜ்ஜி தின்ற பிறகு கேட்டாள்: "அம்புட்டு வெள்ளக்காரனுமா ஒனக்கு எழுதுறான்? தொறந்து பாத்தியாடி?"

பார்க்கவில்லை. எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

10.10.2007

போச்சு.

நூற்று நாலில் அறுபத்தொன்று ஒரே முகவரி. முதலாளி! தினமும் இரண்டு தடவை வெப்சைட்டைப் பார்க்கிறார், இரண்டு தடவையும் நிரப்புகிறார். முப்பத்தெட்டு, நாம் என்ன தைக்கிறோம் என்று மோப்பம் பிடிக்க வந்த திருப்பூர்க் கம்பெனிகள். நிஜப் பையர்கள் அஞ்சே அஞ்சு பேர். அடியே சித்ராதேவி, ஒனக்கெல்லாம் எதுக்குடி சுத்துற நாக்காலி?

முதலாளியிடம் போய் மெதுவாக, "அந்தப் பெட்டிய மூடவும் செய்யலாம் சார்" என்றேன்.

"தெரியுமே கண்ணு. ஆனா ஒருத்தர் வாய் தொறந்து கேக்கறப்ப மூஞ்சீல அடிச்சாப்பல மூடறதா? குடுத்துட்டுப் போறது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. போர்டில் நூற்று நாலு அப்படியே இருக்கிறது. நான் அழிக்கவில்லை.

22.10.2007

இன்று முதல் நியூஸ்லெட்டர். நம் டிசைனைப் போட்டிக் கம்பெனிகளுக்கு அனுப்ப எனக்கென்ன பைத்தியமா? டிசைன்கள் அந்த ஐந்து பேருக்கு மட்டும். மோப்பக்காரர்களுக்கு வேறு சேதி: எங்கள் மூன்றாவது தையல் லைன் நவம்பரில் சும்மா இருக்கிறது, உங்களால் முடியாத ஆர்டரை அனுப்புங்கள், கூலிக்குத் தைத்து ஜாப் ஒர்க் செய்து தருகிறோம். வந்ததுதான் வந்தார்கள், வேலையாவது கொடுக்கட்டுமே!

23.10.2007

ஜாப் ஒர்க் சேதியை, அந்த ஐந்து பேரைத் தவிர மீதி முகவரிகளை மொத்தமாக ஒட்டி அனுப்பியது தப்பு. முதலாளி கூப்பிட்டார்.

"உன்ற லெட்டரு வந்துச்சு அம்முணி. அறுபத்தொண்ணு."

"எல்லாத்தையுமா சார் படிச்சீங்க?"

"வந்த லெட்டரப் படிக்காம உட்டா நல்லாவா இருக்கும்? பாதி வரைக்கும் வேற வேற சேதின்னு நெனச்சேன்." கொஞ்ச நேரம் போர்டைப் பார்த்தார். "அப்ப அந்த நூத்தி நாலுல நானு எத்தன?"

சொல்லிவிட்டேன். வெட்கமாக இருந்தது. அவர் திட்டவில்லை. "பாக்கலாம்" என்றார். திட்டியிருக்கலாம்.

நானே போர்டில் நூற்று நாலை அழித்து ஐந்து என்று எழுதினேன். வேல்குமார் சிரிக்காமல் இருந்தான். அதுதான் இன்னும் எரிச்சல்.

30.10.2007

மங்கலம் ரோட்டிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் போன் செய்தார். மோப்பக்காரர்களில் ஒருவர். கப்பல் தேதிக்குள் முடிக்க முடியாமல் பதினைந்தாயிரம் டீ-சர்ட் கிடக்கிறதாம். மூன்றாவது லைன் ஓடப்போகிறது!

முதலாளிக்கு முகமெல்லாம் பல். நாற்காலியைப் பற்றிக் கேட்டேன். பல் மறைந்தது. "உனக்குக் குடுக்கோணும்னுதான் இருக்குது கண்ணு. அக்காகிட்ட எப்புடி இல்லீங்கறது?"

என்னிடம் மட்டும் இல்லை என்று எப்படிச் சொல்வாராம்? நேரில் கேட்டால் "பாக்கலாம்" என்பார். ஆனால் பெட்டி கேட்டால்?

5.11.2007

முதலாளி கம்ப்யூட்டரில் மட்டும் வருகிற மாதிரி ஒரு பெட்டி செய்துவிட்டேன்.

"காலி நாற்காலியைச் சித்ராதேவிக்குக் கொடுக்கலாமுங்களா?"

கீழே ஒரே பொத்தான்: ஆமாங்க. பெருக்கல் குறியை இந்தத் தடவை நன்றாகப் பெரிதாகவே வைத்தேன். நாணயம் வேண்டாமா?

6.11.2007

பத்தரை மணிக்கு அவர் கம்ப்யூட்டரைத் திறந்தார். பெட்டியை மூடவும் இல்லை, பொத்தானை அழுத்தவும் இல்லை. வேல்குமார் உள்ளே போய், "மூலைல இருக்குது பாருங்க மாமா, அத அமுத்தி மூடுங்க" என்றான்.

"தெரியுது மாப்ள. எத்தன பெருசா வச்சிருக்குது, தெரியாம போகுமா?"

வேல்குமார் வெளியே வந்துவிட்டான். 

பிறகு என் இன்பாக்ஸில் ஒரு மெயில் விழுந்தது: ஆமாங்க.

19.11.2007, திங்கள்

தீபாவளி லீவு முடிந்து எல்லோரும் வந்துவிட்டார்கள். நாற்காலி சுற்றும்போது கிறீச்சென்கிறது. முன்பு கவனிக்கவில்லை. மூன்றாவது லைனை இப்போது பார்த்துக்கொள்ளும் வேல்குமார்தான் தையல் மெஷின் எண்ணெய் கொண்டுவந்து விட்டான். விட்டுவிட்டும் போகாமல் நின்றான்.

"ஏனுங்க, எனக்கும் அந்தப் பெட்டி ஒண்ணு செஞ்சு தாங்க. மாமாகிட்ட பைக்கு கேக்கோணும்."