துளசியின் தோல் ஜாக்கெட்

சனிக்கிழமை

போன மாதம் பார்த்த படத்தில் விமானியாக வரும் கதாநாயகன் போட்டிருந்தானே, ரோமக் காலர் வைத்த தோல் ஜாக்கெட், அதே மாதிரி ஒன்றைப் எங்கள் மலையூர் பிரிஞ்சாங்கின் இரவுச் சந்தையில் நான்தான் முதலில் பார்த்தேன். யாரும் வாங்கிவிடக் கூடாதென்று பெரிய கோட்டுகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். என் தோழி துளசியிடம் மட்டும் சொன்னேன்.

இன்று அவள் அதைப் போட்டுக்கொண்டு, மழையில் நனைந்து வந்து நின்றாள்.

“எப்படி இருக்குலா? ஹீரோ மாதிரி இல்ல?”

“ரொம்பப் பெருசு” என்றேன். உண்மையில் அவளுக்கென்றே தைத்ததுபோல இருந்தது.

“நீதான் புக்கெல்லாம் படிப்பியே, அடுப்புகிட்ட காய வைக்கலாமாடி?”

தோலை நெருப்பருகே வைத்தால் சுருங்கி வெடித்துவிடும் என்று படித்திருக்கிறேன்.

“வைக்கலாம்” என்றேன். அவள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் வீடு நாலு வீடு தள்ளித்தான். ஓடினால் ஒரு நிமிடம். நான் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.