மா மூட்டைக்குப் பின்னால் வைத்த கடிதம்

அப்பா,

இன்று காலை பத்து மணிபோல தபால்காரர் பேக்கரி வாசலில் சைக்கிளை நிறுத்தி ஒரு கடிதம் தந்தார். நீளமான காக்கி உறை. உங்கள் பேத்தியின் பெயர். போறணை அடுப்பிலிருந்து பாண் இறக்கிய கையோடு வாங்கினேன். வீட்டுக்கு ஒரு போன் எடுத்துச் சொல்லியிருக்கலாம், அல்லது மேசையிலாவது வைத்திருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? மா மூட்டைக்கும் சுவருக்கும் இடையில் செருகிவிட்டு அடுத்த மாவைப் பிசையப் போனேன். பிசைந்துகொண்டு நிற்கையில்தான் உங்கள் ஞாபகம் வந்தது.

நீங்கள் கண்ணை மூடும்போது அவளுக்கு நாலு வயது. இப்போது பத்தொன்பது. பொலிசுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள், உங்களுக்குக் கேட்கவே நெஞ்சு அடைக்கும். திங்கட்கிழமை நேர்முகம். அழைப்புக் கடிதம் இல்லாமல் போனால் உள்ளே எடுக்க மாட்டார்களாம். அவளுடைய கூட்டாளிக்கு நேற்றே வந்துவிட்டது.

எந்த வேலை நல்லது என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. சண்டைக் காலத்தில் எந்த வேலைக்காரனை ஆமியோ இயக்கக்காரரோ எப்போது பிடித்துக்கொண்டு போவார்கள் என்றுதான் சொல்லுவீர்கள். தோணியில் வலை இழுத்துக்கொண்டே ஒவ்வொன்றாகக் கழித்துக் கட்டுவீர்கள். வாத்தியார் வேலையா? "ரெண்டு பக்கமும் கூப்பிட்டுக் கதைக்கச் சொல்லுவானுகள்." கந்தோரில் கிளாக்கர் வேலையா? "மத்தவன்ட பேர எழுதுற வேலை மனே. அந்தத் தாள நாளைக்கு ஆர் வாங்கிப் பாப்பானோ." வாகனம் ஓட்டுவதா? "வாகனத்த எடுக்க வாறவன் ஓட்டுறவனையும் சேத்துத்தான் எடுப்பான்." எனக்குப் பிடித்ததோ வயர் வேலை. எங்கள் மண்டூரில் பழுதான ரேடியோ எல்லாம் என்னிடம்தான் வரும். உங்கள் கணக்கில் அதைவிடக் கேடான வேலை உலகத்தில் இல்லை.

அதற்குக் காரணமும் நான்தான். அந்த நாளில், குண்டுக்கு எடுப்பார்கள் என்று, வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரைக்குப் பற்றரி கொண்டுவரத் தடை. நான் அக்கரையிலிருந்து இரண்டு பற்றரியைப் பாணுக்குள் குடைந்து வைத்துக்கொண்டு வந்தேன். துறையில் ஆமிக்காரன் பாணைக் கையில் தூக்கியதுமே பாரம் காட்டிக்கொடுத்துவிட்டது. பொழுது சாயும்வரை வெயிலில் இருத்தினார்கள். நீங்கள் வந்து தலைப்பாகையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டபடி நின்றீர்கள். கடைசியில் அவன் சிரித்துவிட்டுப் போகச் சொன்னான். எனக்கு உயிர் வந்தது. நீங்கள் தோணியில் ஏறியதும் சொன்னது: "சிரிச்சிட்டு விட்டிரிக்கான். இனித்தான் பயப்படணும்."

பிறகு சமாதானம் என்றார்கள். நீங்கள் நம்பவில்லை, நான் நம்பினேன். நகரத்தில் மின்சார வேலை படிப்பதற்கு விண்ணப்பம் போட்டேன். கிரானிலிருந்து வந்த ஒரு கூட்டாளியும் நானும் ஒரே நாளில் நேர்முகத்துக்குப் போனோம். அவன் ஒரு கேள்விக்குத் தடுமாறினான், நான் தடுமாறவில்லை. மூன்று கிழமையில் அவனுக்குக் கடிதம் வந்தது. எனக்கு வரவில்லை.

எங்கள் ஊருக்குக் கடிதம் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். பாதை என்று நாங்கள் சொல்லும் பெரிய படகில் தபால் பை வரும். பாதை ஓடாத நாளில் துறையில் நிற்கிற ஊர்க்காரர் கையில் கொடுத்துவிடுவார்கள். தோணிக்காரரான உங்கள் கையில் ஊர்க் கடிதம் பாதி வரும். எழுத்துக்கூட்டிப் பெயர் வாசிக்கிற அளவுக்கு உங்களுக்குப் படிப்பும் இருந்தது. கிரான் கூட்டாளிக்குக் கடிதம் வந்த அதே கிழமை பாதை பழுது. அதே கிழமைதான் நீங்கள் சோற்றைப் பிசைந்தபடி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னீர்கள்: "தேத்தாத்தீவுல மாமாட பேக்கரிக்கு ஒரு ஆள் வேணுமாம். பாண் எல்லாரும் தின்னுவானுகள். ஆமியும் தின்னுவான், மத்தவனுகளும் தின்னுவானுகள். பாண்காரன ஒருத்தனும் சந்தேகப்பட மாட்டான்."

அன்றிலிருந்து நான் உங்களைச் சந்தேகப்படத் தொடங்கினேன் அப்பா. நீங்கள் தோணியை எங்கே கட்டுகிறீர்கள், பெட்டகத்தை ஏன் பூட்டுகிறீர்கள் என்றெல்லாம் பார்த்தேன். நீங்கள் இல்லாத நேரம் பெட்டகத்தைக் கிளறினேன். அம்மாவின் கூறைச் சேலையும் காணி உறுதியும்தான் இருந்தன. வாவி அவ்வளவு பெரிது, ஒரு கடிதத்தை மறைக்கப் பெட்டகம் எதற்கு என்று பிறகு எனக்கே விளங்கியது.

சுனாமியாகக் கடல் வந்த அன்று, நான் வேலைக்குச் சேர்ந்திருந்த அந்தப் பேக்கரிக்குள் இடுப்பளவு தண்ணீர். மாமாவும் நானும் போறணையின் மேல் ஏறித் தப்பினோம். நான் உயிரோடு இருக்கிறேன் என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் நம்பாமல் வாவியைத் தோணியில் கடந்து, மீதியை நடந்து வந்தீர்கள். வந்ததும் என் இரண்டு கையையும் தோள்வரை அமுக்கிப் பார்த்தீர்கள். பிறகு அந்தச் சேற்றிலேயே குந்திக்கொண்டு அழுதீர்கள். அந்த நேரம் எனக்கு உங்கள்மேல் ஒரு கோபமும் இருக்கவில்லை. இரண்டு கிழமை முகாம்களுக்குப் பாண் போட்டோம். அது முடிந்ததும் கோபம் திரும்பி வந்துவிட்டது.

சண்டை முடிந்தது என்று ரேடியோவில் சொன்ன நாள் சந்தியில் ஆமிக்காரர் வெற்றிக்கென்று பாற்சோறு கொடுத்தார்கள். நீங்கள் வாங்கி, வாயில் வைக்காமல் வாழையடியில் கொட்டினீர்கள். "முடிஞ்சிட்டு எண்டா பிறகேன் வீடு வீடாப் பேர் பதியுறானுகள்?" என்றீர்கள். எனக்கோ, எல்லாம் முடிந்துவிட்டதே, இனியாவது உண்மையைச் சொல்லுவீர்கள் என்று நப்பாசை.

"அப்பா, அந்தக் கடிதம் உங்கட கையில வந்ததா?" என்று கேட்டேன்.

"எந்தக் கடிதம்?"

"நான் படிக்கப் போக இருந்தனே, அது."

"நீளக் காக்கிக் கவருல வருமே, அதுவா? நான் காணல்ல மனே."

காணாத கடிதத்தின் உறை எப்படித் தெரியும்? அரசாங்கக் கடிதம் எல்லாம் நீளக் காக்கி உறையில்தான் வரும் என்று ஊருக்கே தெரியும்தான். இந்த இரண்டுக்கும் நடுவில் பதினாறு வருடம் நின்றுகொண்டிருக்கிறேன். அடுத்த வருடமே நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள். கொள்ளி வைக்கும்போதும் அதைத்தான் நினைத்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

இன்று பின்னேரம் மகள் பேக்கரிக்கு வந்தாள்.

"அப்பா, எனக்குத் தபால் ஒண்டும் வரல்லையா?"

"எந்தத் தபால்?" என்றேன். அவள் கேட்டு முடிய முதலே என் வாயிலிருந்து வந்துவிட்டது. உங்களைப் போலவே அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

அவள் போகவில்லை. நின்று என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். பெட்டகத்தைக் கிளறிய நாட்களில் நான் உங்களைப் பார்த்த பார்வை. நான் இன்னும் ஒரு நிமிடம் சும்மா நின்றிருந்தால் அந்தச் சந்தேகம் அவளுக்கு ஆயுளுக்கும் போதுமாகியிருக்கும்.

மா மூட்டையை இழுத்து, கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். உறை முழுக்க என் விரல் அடையாளம் வெள்ளையாக இருந்தது. அவள் ஊதித் தட்டினாள்.

"இது எப்ப வந்த?"

"காலையில."

"ஏன் ஒளிச்ச நீங்க?"

"பயம் மகள். பேர் எழுதுற வேலை."

"ஆராவது எழுதத்தானே வேணும் அப்பா. நம்மட ஆக்கள் பொலிசுல போய்ச் சொல்லுறத நம்மட பாசையில எழுத நான் இருந்தா நல்லம்தானே?" அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெல்லமாகத்தான் கேட்டாள்.

நீங்கள் ஒளித்தீர்களா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஒளித்திருந்தால் திட்டம் போட்டு ஒளிக்கவில்லை என்று மட்டும் தெரியும். கை தன்பாட்டில் செய்துவிடுகிறது.

திங்கட்கிழமை நானே அவளைக் கூட்டிப் போகிறேன். பாணை மாமாவின் மகன் பார்த்துக்கொள்வான். அவளை உள்ளே அனுப்பிவிட்டுப் படலைக்கு வெளியே நிற்பேன், எவன் எங்கள் பிள்ளையைப் பார்த்து எப்படிச் சிரிக்கிறான் என்று பார்த்துக்கொண்டு.