ஏழாம் நாற்காலியின் சூடு

அன்பு மகள் பாப்பாவுக்குச் சித்தப்பா எழுதுவது. நான், சித்தி, சுவரில் இருக்கும் பல்லி உட்பட இங்கே எல்லோரும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்கவேண்டும். நடந்ததெல்லாம் நான் முன்கூட்டியே சொன்னதுதான். ரத்தம் போன முதல் நாளே இது மூலமில்லை, பெரிய இடத்து விவகாரம் என்று கண்டுபிடித்துவிட்டேன், ஆறு மாதம் மூலத்துக்குக் களிம்பு தடவியது சித்தியைப் பயமுறுத்தக் கூடாதென்றுதான். பெருங்குடலில் ஒரு முழம் வெட்டினார்கள், இப்படியொரு குடலைப் பார்த்ததே இல்லை என்று டாக்டரே அசந்துபோனாராம். பிறகு பன்னிரண்டு தடவை மருந்து ஏற்றினார்கள், பச்சைத் தண்ணீரைத் தொட்டால் விரலெல்லாம் ஊசி குத்தும், வேறொருவன் என்றால் ஓடியிருப்பான்.

மருந்து ஏற்றும் அறையில் நம் பெயரெல்லாம் செல்லாது, நாற்காலி எண்தான். நான் ஏழு, பக்கத்தில் எட்டு ஒரு தையற்காரர். உங்க சட்டையைத் தைச்சவன புடிச்சு உள்ள போடணும்யா என்று தினமும் வம்புக்கு இழுப்பார். கடைசித் தடவை அவர் ஜன்னலோரம் கேட்டார், இடம் மாறிக்கொண்டோம். நர்ஸம்மா பெயர் எழுதிய கைப்பட்டையைப் படித்துத்தான் மருந்து மாட்டினார், அதில் தப்பில்லை. ஆனால் நாற்காலிக்கு ஆள் தேடி வருகிற இன்னொருவனுக்குக் கைப்பட்டை படிக்கத் தெரியுமா? அந்த வாரமே ஏழில் உட்கார்ந்த தையற்காரர் போய்விட்டார்.

இனி மூன்று மாதத்துக்கு ஒரு தரம் ரத்தப் பரிசோதனை, வருஷம் திரும்பினால் குடலுக்குள் கேமரா. போன செவ்வாய் முதல் ரத்தத்துக்குப் போனேன். அதே அறைதான், கதவு திறந்ததும் நான்தான் முதல் ஆள். ஏழுல உக்காருங்கப்பா என்றாள் புது நர்ஸ். இருக்கையில் கை வைத்தேன், யாரோ அப்போதுதான் எழுந்த மாதிரி சூடாக இருந்தது. முதுகுப் பக்கம் இரண்டு விரல், இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள் வரை மெதுவாக அளந்துகொண்டு போனது. திரும்பினால் யாருமில்லை. நான் அசரவில்லை, அளவு சரியா இருக்காய்யா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்து ரத்தம் கொடுத்தேன். ரிப்போர்ட் பரம சுத்தம். சித்தி அழுதே விட்டாள், தெருவுக்கே சொல்லியும் ஆயிற்று.

இது ரத்த சொந்தத்தில் வருமாம், உன் டாக்டரிடம் சொல்லி நீயும் ஒரு தரம் பார்த்துக்கொள், சோம்பல் படாதே. நோய்நொடி அண்டாமல் நூறு வயது இரு தாயே.

ஒன்று மட்டும். தோளை அளந்தது சத்தியம். ரிப்போர்ட்தான் நானாகச் சொன்னது. உட்காரவே இல்லை, ரத்தமும் கொடுக்கவில்லை, ஓடிவந்துவிட்டேன். சித்தியிடம் மூச்சு விடாதே. திங்கட்கிழமை காலையில் போன் போட்டு என்னை நாலு திட்டுத் திட்டு, நீ திட்டினால் போவேன்.

உன் சித்தப்பா