வலது கரையில் ஏறிய கிணறு

அணையின் வலது கரையில், கான்கிரீட் சுவர் மலையோடு சேரும் இடத்தில், புதிதாக ஈரம் கண்டிருக்கிறது. இன்று காலை அணையின் உதவிப் பொறியாளர் இதை என்னிடம் நேரில் உறுதி செய்தார். நீ அடைத்த விரிசல்கள் காய்ந்தே இருக்கின்றன என்றும் சொன்னார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்துக் கிடங்கில் யாரோ விரிசல் அடைக்கும் பிசினின் பழைய டப்பா ஒன்றைத் திறந்தார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதும், எப்போதும் அதே நெடி அடித்த உன் சட்டை நினைவுக்கு வந்தது. வேலை நடந்த மாதங்களில் கம்பத்தில் எந்தக் கடையில் டீ குடித்தாலும் நம் மேசைக்குப் பக்கத்தில் யாரும் உட்கார்ந்ததில்லை.

நீ ஒப்பந்தக்காரரின் பொறியாளர். நான் செய்திக்காக வந்தவன். சின்னமனூரில் ஒரே பெஞ்சில் படித்த உரிமையில் என்னை அணைக்குள் ஓடும் ஆய்வுச் சுரங்கத்துக்குக் கூட்டிப்போனாய். சுவரில் கோடு கோடாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. விரிசலின் இருபுறமும் மாறி மாறிச் சாய்வாகத் துளை போட்டு, அதில் மூக்குக் குழாய் செருகி, கீழிருந்து மேலாகப் பிசினை பம்பில் ஏற்றினீர்கள். தண்ணீர் பட்டதும் அது நுரைத்துப் பொங்கி இறுகியது. மேல் துளையில் பிசின் எட்டிப் பார்க்கும்வரை நீ யாரையும் கீழ்த் துளையை விட்டு நகரவிடவில்லை. அவசரப்பட்ட ஆளிடம், “ஏலே, இட்லிக்கா மாவு ஊத்துற? மேல வரட்டும், நில்லு” என்றாய்.

சுவர் காய்ந்த அன்று எல்லோரும் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நீ டார்ச்சோடு வலது கரைப் பக்கம் நடந்தாய். “அடைச்ச எடத்த எல்லாரும் பாப்பாக மாப்ள. அடைக்காத எடத்த யாரு பாக்குறது?”

அணைக்குக் கீழே வாழைத் தோப்பு வைத்திருக்கும் செல்லத்தாயி அக்காவுக்கு அந்தக் கசிவுதான் கிணற்று ஊற்று. பம்பு வந்து இறங்கிய அன்றே மேலே ஏறி வந்துவிட்டார்.

“ஒரு விரிசல மட்டும் விட்டு வைங்க தம்பி. அணை என்ன கொறஞ்சா போகும்?”

“கொறையாதுக்கா. ஒருநா மொத்தமா வந்துரும்.”

“அப்ப எங்க வாழைக்கு அந்த நொரையவே ஊத்தச் சொல்றீகளா?”

வேலையாட்கள் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. அடுத்த கோடையில் கிணறு இறங்கியது. தார் தள்ளிய மரங்கள் தாரோடு மடங்கின. உன் பைக் சத்தம் கேட்டாலே அக்கா படலைச் சாத்தினார். அணையின் வடிகால் நீரில் ஒரு பங்கை அவர் வாய்க்காலுக்குத் திருப்பக் கேட்டு மனு எழுதி, அலுவலகம் அலுவலகமாக ஏறினாய். எங்கும் “பாக்கலாம்” என்றார்கள். அவர்கள் பார்ப்பதற்குள் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோய்விட்டது.

போன வாரம் கம்பம் சந்தையில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்படியொரு சிரிப்பு முகத்தில்.

“கெணறு ஏறிருச்சு தம்பி. ஒங்க கூட்டாளிகிட்டச் சொல்லணும்னு இருந்துச்சு. அவுக இல்ல. அதான் ஒங்ககிட்டச் சொல்றேன்.”

மழையே இல்லாத நாட்கள். “தண்ணி தெளிவா இருக்காக்கா, கலங்கலா?”

சிரிப்பு நின்றது. “ஏன் கேக்குறீக? இதையும் அடைக்கப் போறாகளா?”

“தெரியலக்கா.”

“லேசாக் கலங்கல்தான். வாழை என்ன, கலங்கலக் குடிக்காதா?”

தெளிந்த கசிவோடு ஓர் அணை பல காலம் நிற்கும், கலங்கி வந்தால் உள்ளே மண் கரைகிறதா என்று உடனே பார்க்க வேண்டும் என்பாய். அணைக்குக் கீழே அக்காவின் தோப்பு மட்டுமில்லை. ஓர் ஊரே இருக்கிறது. அன்று மதியமே உதவிப் பொறியாளரிடம் சொன்னேன். அதன் பிறகுதான் வலது கரையைப் போய்ப் பார்த்தார்கள்.

மறுநாள் தோப்புக்குப் போய், சொன்னது நான்தான் என்றேன். கன்றுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிரவில்லை.

“அவுக இருந்தா என்ன செஞ்சிருப்பாக?”

“சொல்லியிருப்பான்க்கா.”

“ஆமா, சொல்லித்தான் இருப்பாக. அப்புறம் எனக்காக ஆபீஸ் ஆபீஸா ஏறியிருப்பாக. நீங்க ஏறுவீகளா?”

உன் அலைச்சலை அவர் அறிந்திருந்தார் என்பது உனக்குத் தெரியாமலே போயிற்று.

இன்று மதியம் உன் மனு என்னவாயிற்று என்று கேட்டு முதல் அலுவலகத்தின் படி ஏறினேன். கசிவு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த பிறகே வாய்க்காலைப் பற்றிப் பேச முடியும் என்றார்கள். வலது கரையோரம் அணை நீரில் சாயம் கரைத்து விட்டிருக்கிறார்கள். அது கிணற்றில் தெரிகிறதா என்ற முடிவு, ஐப்பசி மழைக்கு அணை நிறையும் முன்பு, இந்த மாதக் கடைசிக்குள் வரும் என்கிறார் உதவிப் பொறியாளர். அதுவரை அக்கா ஒவ்வொரு காலையும் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மோட்டாரைப் போடுகிறார்.