பாடியவளின் பெயர்

அக்டோபர் 14, செவ்வாய். எடிசன், அமெரிக்கா.

பழைய ஸ்விங் ஜாஸ் இசைத்தட்டுகளை எங்கள் கம்பெனியின் இசை ஆப்பில் ஏற்றுவது என் வேலை. அவற்றின் நடுவே ஒட்டிய லேபிளில் இசைக்குழுத் தலைவர் பெயர் மட்டும் இருக்கும். பாடியவளுக்கு ‘குரலுடன்’ என்ற ஒரு சொல்தான். அப்படி நாற்பது பாடல்கள் பாடிய ஒரு கறுப்பினப் பெண்ணின் மகள், வயது எண்பத்தைந்து, தான் சாவதற்குள் அம்மாவின் பெயரைப் பார்க்க வேண்டுமென்று அம்மா கையெழுத்திட்ட ஒப்பந்த நகலோடு எழுதியிருந்தார். பெயரைச் சேர்த்தேன்.

இன்று மேனேஜர் ரமேஷ் கூப்பிட்டார். ஆளுக்கொரு சமையலோடு கூடும் ஒவ்வொரு பாட்லக் விருந்திலும், தான் படும் நிறவெறி பற்றிப் புலம்புகிற ஆள்.

“லேபிள்ல இல்லாதத நீ ஏன்டா ஆட் பண்ற? டெலீட் பண்ணு.”

“ப்ரூஃப் இருக்கு ரமேஷ்.”

“உன் கிரீன் கார்டு ஃபைல் யாருகிட்ட இருக்குன்னு தெரியும்ல?” என்று சிரித்தார்.

நாற்பதிலும் அவள் பெயரை அழித்தேன். மகளுக்கும் என்னையே பதில் எழுதச் சொன்னார். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று எழுதி, கீழே என் முழுப் பெயரைப் போட்டேன்.