என் தாயாரிடம் எல்லோரும் பேச்சை நிறுத்தியது தொடர்பாக

அனுப்புநர்
அறுபது வீடுகள் கொண்ட குடியிருப்பில் வசிக்கும் ஒரு மூதாட்டியின் மகன்.

பெறுநர்
முதியோர் நல அலுவலர் அவர்கள்,
முதியோர் நல அலுவலகம்.

பொருள்: முதியவர் ஒருவரிடம் குடியிருப்பே பேச்சை நிறுத்தியிருப்பது – நேரில் பார்வையிடக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் வாய் மூடி இருந்தது போதும். ஏழு வாரங்கள் இருந்துவிட்டேன். இனியும் இருந்தால் தாயாரை இழந்துவிடுவேன் என்ற பயத்தில் எழுதுகிறேன்.

2. தாயாருக்கு வயது எழுபத்தெட்டு. தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தந்தை இறந்தபின் அவரைத் தேற்றியது நானல்ல, இந்தக் குடியிருப்புதான். ஒப்புக்கொள்ளக் கசக்கிறது. மாலை ஐந்து மணிக்கு முதியவர்கள் கீழ்த்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்வார்கள். தாயார் தாமதித்தால் கீழிருந்தே குரல் வரும்: "என்ன ஆபரேட்டரம்மா, லைன் பிஸியா?" அவரும் விடமாட்டார்: "கியூவுல இருங்க, வரேன்!" மாத்திரையை நினைவூட்ட எதிர்வீட்டு அக்கா இருந்தார்.

3. எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் பொதுக் குழாயில் தனி மோட்டார் பொருத்தித் தம் வீட்டுக்கு மட்டும் தண்ணீர் இழுத்தார். முன்பொரு கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் "மெத்தப் படிச்சவரே, உட்காருங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னவர் அவர். நான் மறக்கவில்லை. குடிநீர் அலுவலகத்துக்குப் புகார் எழுதினேன். மூத்த குடிமக்கள் மனுவுக்கு முன்னுரிமை என்று கேள்விப்பட்டு, தாயாரைக் கையெழுத்திடச் செய்தேன். "எதுக்குடா நமக்கு இந்த வம்பு?" என்று கேட்டபடியே கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு கையெழுத்திட்டார்.

4. அந்த அலுவலகம் நடைமுறைப்படி, தாயார் கையெழுத்து மட்டுமே இருந்த மனுவின் நகலை, விளக்கம் கேட்டு, செயலாளருக்கே அனுப்பியது. மோட்டார் கழற்றப்பட்டது. மறுநாளே தாயாரிடம் பேச்சு நின்றது. யாரும் திட்டவில்லை. அவர் வந்து உட்கார்ந்ததும் ஒவ்வொருவராக இடுப்பு வலி என்று எழுந்து போனார்கள். எதிர்வீட்டு அக்காவிடம் கேட்டேன். "வெளியாளுக்கு எழுதிப் போட்டாங்கல்ல, இனிமே எழுதியே பேசிக்கட்டும்" என்று கதவைச் சாத்தினார்.

5. இப்போது தாயார் கீழே இறங்குவதில்லை. மாத்திரையை இரண்டு முறை விழுங்கிவிடுகிறார். வீட்டுத் தொலைபேசியின் ரிசீவரை எடுத்து, சத்தம் வருகிறதா என்று கேட்டுவிட்டு வைக்கிறார். ஒரே காலையில் பதினான்கு முறை. கடந்த வியாழனன்று, யாருமில்லாத லைனில், "மன்னிச்சிடுங்க, நான் போட்டது தப்புதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தோளைத் தொட்டேன். என்னைப் பார்த்து, "எந்த நம்பர் வேணும் சார்?" என்றார்.

6. இதே குடியிருப்பில் ஒரு தையல்காரரிடமும் மூன்றாண்டுகளுக்கு முன் இப்படித்தான் பேச்சு நிறுத்தப்பட்டது. பேசாதவர்களில் நானும் ஒருவன். ஐந்தே மாதத்தில் அவர் தம் பெயரையே மறந்துபோனார். அதனால்தான் நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

7. ஆகவே, வழக்கமான பார்வையிடல் என்று சொல்லித் தாங்கள் அறுபது வீடுகளுக்கும் வர வேண்டுகிறேன். எங்கள் வீட்டுக்கு முதலில் வர வேண்டாம். மனு வந்தது என்று யாரிடமும் சொல்ல வேண்டாம். முதியவர்களைக் கீழ்த்தளத்தில் ஒன்றாக உட்காரவைத்து, தாயாரையும் அழையுங்கள். தங்கள் முன்னால் எழுந்துபோக அவர்கள் கூசுவார்கள். யாராவது ஒருவர் ஒரு வார்த்தை பேசினால் போதும்.

நாள்: செவ்வாய்க்கிழமை.

இடம்: முகவரியை உறையின் உட்புறம் பென்சிலால் எழுதியுள்ளேன். பார்த்தபின் அழித்துவிடவும்.

கையொப்பம்: கையொப்பமில்லாத மனுக்கள் பதிவு செய்யப்பட மாட்டா என்று தங்கள் அலுவலக வாசலில் பலகை இருக்கிறது. படித்தேன். பதிவாகும் மனுவுக்கு நகல் உண்டு. அந்த நகல் யார் கைக்குப் போகும் என்பதை அறிவேன். இது தங்கள் குப்பைக்கூடைக்குப் போகலாம் என்று தெரிந்தும், என் பெயரையோ அவர் பெயரையோ இடாமல் அஞ்சலில் சேர்க்கிறேன்.