குவாட்டர் பெட்டியில் தசாவதாரம்

அண்ணே,

இன்று காலை பரணிலிருந்து கொலுப் பெட்டிகளை இறக்கினேன். தூசிக்கும் கற்பூரத்துக்கும் அடியில் அந்த வாசனை இன்னும் இருக்கிறது. பழைய அட்டை, பசை, எப்போதோ ஒரு பாட்டில் உடைந்து ஊறிய பிராந்தியின் மெல்லிய தித்திப்பு. வேறு யாராவது மோந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கோ, நீ தோளில் பெட்டியோடு வாசலில் வந்து நிற்பது போல இருந்தது.

தசாவதாரப் பெட்டியின் அடி விட்டுப்போயிருந்தது. தூக்கிய கையோடு மச்சமும் கூர்மமும் மடியில் வந்து விழுந்தன. நல்லவேளை, எதற்கும் சேதமில்லை. ஆனாலும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மாற்றுப் பெட்டி கொண்டுவர நீ இல்லாத முதல் கொலு இது.

நீ மேலூரில் ஒயின்ஷாப் சூப்பர்வைசராக இருந்தபோதுதான் முதல் பெட்டி வந்தது. அதற்கு முன்பு பொம்மைகளைப் பழைய புடவையில் சுற்றி அரிசிச் சாக்கில் போட்டு வைப்பேன். ஒரு வருடம் சாக்கைப் பிரித்தால் கிருஷ்ணருக்கு மூக்கு இல்லை. போனில் உன்னிடம் அழுதேன். மறுநாள் நீ வந்தாய். பெட்டியைத் திறந்து காட்டினாய். உள்ளே தேன்கூடு மாதிரி நாற்பத்தெட்டு அறைகள்.

"குவாட்டர் பெட்டி பாப்பா. குடோன்ல இருந்து லாரியில அம்புட்டுக் குலுங்கி வருது, ஒரு பாட்டில் உடையாது. உங்க சாமியும் உடையாது."

"நவராத்திரியும் அதுவுமா பிராந்திப் பெட்டியத் தூக்கிட்டு வாரியே, வெக்கமாயில்ல?"

"வெளியதான் பிராந்தின்னு போட்டிருக்கு. உள்ள வெறுங்காத்து."

பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர், "சரக்கோட கொண்டாந்திருந்தா நான் ஒண்ணும் கோவிச்சிருக்க மாட்டேன் மச்சான்" என்றார். இருவரையும் முறைத்துவிட்டு, பெட்டிக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். பத்து அவதாரங்களும் அளவெடுத்தது போல அறைகளில் போய் உட்கார்ந்தன. என் வரவு செலவு நோட்டில் அதை எப்படி எழுதுவதென்று யோசித்து, வரவுப் பக்கத்தில் 'அண்ணன் - பெட்டி' என்று எழுதினேன். தொகைக்கு நேரே ஒரு கோடு.

அதன்பிறகு அநேகமாக ஒவ்வொரு புரட்டாசிக்கும் ஒரு பெட்டி வந்தது. பொம்மைகளை எடுத்த பிறகு அதே பெட்டிகளை அடுக்கி, மேலே பலகை போட்டு, வெள்ளை வேட்டி விரித்தால் கொலுப்படி. இன்று அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தேன். நம் பக்கத்து ஆட்கள் என்ன குடித்தார்கள், எப்படி மாறினார்கள் என்று பெட்டிகளே சொல்கின்றன. மேலூரில் இருந்து வந்தவற்றில் ஆஃப் பாட்டில் அறைகளும் உண்டு. "அறுப்புக்கு முன்னாடி குவாட்டர், அறுத்துக் காசு கைக்கு வந்துட்டா ஆஃப்" என்பாய். காளவாசல் பக்கம் நீ மாற்றலாகி வந்த பிறகு பீர் பெட்டிகள் வந்தன. அவற்றில் அறைகள் அகலம். மீனாட்சி கல்யாணப் பொம்மைகள் மூன்றும் அதில்தான் இருக்கின்றன.

"தங்கச்சியத் தாரைவார்த்துக் குடுத்துட்டு, பெருமாளு வருசம் பூராப் பீர் பெட்டியில தூங்குறாரு" என்றாய் ஒருமுறை. கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சிரிப்பையும் அடக்க முடியவில்லை.

சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே கடைக் கதை சொல்வாய். "முன்னயெல்லாம் வந்தவன் பிராந்தின்னு மட்டும் கேப்பான். என்ன பேருன்னுகூடப் பாக்க மாட்டான். இப்ப வார பயலுக கூலிங் இருக்கான்னுதான் மொதக் கேள்வியே கேக்குறானுக. இல்லேன்னா அடுத்த கடைக்குப் போயிர்றானுக." இத்தனை சரக்குக்கு நடுவில் உட்கார்ந்தும் நீ மோரைத் தவிர எதையும் தொட்டதில்லை. அதை நான் பெருமையாகச் சொன்னால், "நல்லவன்னு சொல்லாத பாப்பா, வயிறு கெட்டவன்னு சொல்லு" என்பாய்.

எட்டாவதோடு நின்ற நான், யாரும் சொல்லித்தராமலே பஞ்சாங்கம் பார்க்கக் கற்றுக்கொண்டேன். அது வீட்டைவிட உன் கடைக்குத்தான் அதிகம் பயன்பட்டது. கார்த்திகை பிறக்கும் முன்பே போன் வந்துவிடும். "மாலை போடுறது என்னைக்குன்னு பாரு. லோடு கம்மியாக் கேக்கணும். ஐயப்பனும் பழனி முருகனும் சேந்து தைப்பூசம் வரைக்கும் என்னைய ஈ ஓட்ட விட்ருவாக." ஆடியில் கிராமத்துக் கோயில்களில் கிடா வெட்டும் நாட்களைக் கேட்பாய். அப்போது லோடு கூடுதல். சாமி காரியத்தைச் சரக்குக்குப் பார்க்கிறாயே, இது அடுக்குமா என்று ஒருமுறை கோபித்தேன்.

"மாலை போட்டவன் எம்புட்டுப் பேருன்னு கோயில்காரகளைவிட எனக்குத்தான் பாப்பா சரியாத் தெரியும்" என்றாய்.

இப்படி வேடிக்கையாகவே போய்க்கொண்டிருந்தது, என் மகள் கோமதிக்கு வரன் பார்க்கும்வரை. தாய்மாமனுக்கு ஒயின்ஷாப்பில் வேலை என்று தெரிந்ததும் இரண்டு இடங்கள் கையைவிட்டுப் போயின. உன் காதுக்கும் அது எட்டியது. "இனிமே நான் இல்லாதப்பப் பேசி முடிங்க. கல்யாணத்தன்னைக்கும் கூட்டத்துல ஒருத்தனா நின்னுக்கிறேன்" என்றாய். கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிவர மாமன் இல்லாமல் என் மகள் மணையில் உட்காருவதா? அந்தப் புரட்டாசி முழுக்க அம்பாளிடம் நான் கேட்டது அது ஒன்றைத்தான்.

மூன்றாவது இடம் திருநகர். முறையாகப் பெண் பார்ப்பது ஐப்பசியில் என்று வைத்துக்கொண்டு, கொலுவுக்கு வருகிற சாக்கில் பையனின் அம்மா மட்டும் வெள்ளிக்கிழமை வந்தார். வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போக வந்திருந்த நீ, வாசலில் அவர் குரல் கேட்டதும் அடுப்படிக்குள் போய்விட்டாய்.

அவர் சுண்டலை வாயில் போட்டுக்கொண்டே கொலுவைச் சுற்றிப் பார்த்தார். "படி என்ன, தேக்கா? எங்க வீட்டுல இரும்புப் படி, துருப்புடிச்சுப் போச்சு" என்றவர், நான் பதில் சொல்லும் முன்பே குனிந்து வேட்டி நுனியைத் தூக்கிவிட்டார். அம்பாளுக்கு நேர் கீழே, பெரிய எழுத்தில் பிராந்தியின் பெயர்.

அவர் மெல்லுவதை நிறுத்தினார். கோமதி என்னைப் பார்த்தாள். நீதான் வெளியே வந்தாய்.

"எங்க கடைப் பெட்டி தாயி. நான் பொண்ணுக்குத் தாய்மாமன். ஒயின்ஷாப்புல சூப்பர்வைசரு. இனி மறைச்சு என்ன, அதான் வேட்டியத் தூக்கியாச்சே."

அவர் உன்னைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். "உள்ள அறை இருக்குமோ?"

"நாப்பத்தெட்டு இருக்கு."

"எங்களுக்கு ரெண்டு கெடைக்குமாண்ணே? எங்க வீட்டுல பாதி சாமிக்கு மூக்கே இல்ல." சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஆனா பேரு வெளிய தெரியக் கூடாது. எங்க வீட்டுக்காரரு குடிய விட்டு மூணு வருசமாச்சு. பாத்தா ஞாபகம் வந்துரும்."

எதற்கெடுத்தாலும் சிரிக்கிற நீ அப்போது சிரிக்கவில்லை. "திருப்பி ஒட்டித் தாரேன் தாயி" என்றாய். சொன்னபடியே இரண்டு பெட்டிகளைப் பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி மடித்து ஒட்டிக் கொடுத்தாய். கல்யாணச் சீர்த்தட்டுகளோடு அந்த மொட்டைப் பெட்டிகளும் திருநகர் போயின. கோமதியைக் கையைப் பிடித்து மேடைக்கு நீதான் அழைத்து வந்தாய். சம்பந்தியம்மா தன் ஆட்களிடமெல்லாம், "எங்க கொலுப்பெட்டி அண்ணன்" என்று உன்னைக் காட்டினார்.

இன்று பெட்டி கிழிந்ததைச் சொன்னதும், "பிளாஸ்டிக் பெட்டி ஆன்லைன்ல போட்டு விடுறேன்மா" என்றாள் கோமதி. வேண்டாம் என்றேன். உச்சிக்காலப் பூசை பார்த்துவிட்டுத் திரும்பும்போது உன் கடைக்குப் போனேன்.

நீ இருந்தவரை, "இங்கிட்டு வராத பாப்பா" என்பாய். நானும் வந்ததில்லை. எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் அர்ச்சனைக் கூடையோடு போனேன். வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருவர் பாட்டிலைச் சட்டைக்குள் செருகினார். இன்னொருவர் என்ன நினைத்தாரோ, கும்பிட்டுவிட்டார்.

"காலிப் பெட்டி ஒண்ணு..." என்று ஆரம்பித்தேன்.

"கொலுவுக்கா?" என்றார் சேல்ஸ்மேன், மெஷினில் பில் போட்டுக்கொண்டே.

அவர் காட்டிய மூலையில் நாலைந்து பெட்டிகள் இருந்தன. எல்லாம் திருப்பி ஒட்டியவை.

"எங்க பழைய சூப்பர்வைசர் அண்ணன் ஆரம்பிச்சு வச்சதும்மா. புரட்டாசி பொறந்தா திருநகர்ல இருந்தெல்லாம் ஆள் வரும். இப்பதான் சிரமமா இருக்கு. டின் பீரு ஓட்டம் ஜாஸ்தி, அது பிளாஸ்டிக் சுத்தி வருது, பெட்டியே கெடையாது. காலி பாட்டிலக் கொண்டாந்தா பத்து ரூவான்னு ஆயிருச்சா, அத அடுக்கவும் பெட்டி வேணும். இருந்தாலும் கொலுவுக்குன்னு நாலு எடுத்து வச்சிர்றோம்."

நீ இதை என்னிடம் சொன்னதே இல்லையே அண்ணே. இந்த ஊரில் எத்தனை வீட்டுச் சாமிகள் உன் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கின்றனவோ.

"அவரு எங்கண்ணன்" என்றேன்.

சேல்ஸ்மேன் எழுந்து நின்றார். வரிசையிலிருந்து ஒரு குரல், "அப்ப அம்மாவுக்குச் சும்மா குடுங்கண்ணே" என்றது. "எல்லாருக்கும் சும்மாதான்யா. நீ காசை எடு" என்று அதட்டிவிட்டு, ஒரு பெட்டியை எடுத்து நீட்டினார்.

"திருப்பாத பெட்டி இருந்தாக் குடுங்க தம்பி."

"பேரு தெரியுமேம்மா?"

"தெரியட்டும்."

இடுப்பில் பெட்டியும் கையில் கூடையுமாகக் காளவாசல் சிக்னலைத் தாண்டினேன். பஜனையில் என்னோடு பாடுகிற பெண் எதிரே வந்தாள். எழுத்தைப் படித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னக்கா இது?"

"எங்கண்ணன் வீட்டுச் சீர்" என்றேன்.

வரவுப் பக்கத்தில் எழுதிவிட்டேன், வழக்கம்போல ஒரு கோட்டோடு. புதுப் பெட்டி முதல் படிக்கு அடியில் இருக்கிறது. அவளை வெள்ளிக்கிழமை சுண்டலுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் எப்படியும் வேட்டி நுனியைத் தூக்கிப் பார்ப்பாள். பார்த்துவிட்டுக் கேட்கட்டும் அண்ணே, உன்னைப் பற்றி ஆரம்பத்திலிருந்து சொல்லவேண்டும்.